உடைமை, உபயோகம், புகை

அழித்துத்தான் அனுபவிக்க முடியும் என்கிற பொருள்கள் சில உண்டு. சோறு அப்படி, மது அப்படி, சுருட்டும் அப்படி. சோற்றை யாரும் வருஷக்கணக்கில் எடுத்து வைப்பதில்லையாதலால் அதில் சிக்கல் எழுவதில்லை. சுருட்டை வைக்கலாம். பக்குவமாக வைத்தால் பத்து இருபது வருஷம்கூடக் கெடாது. என் அலமாரியில் ஒரு மரப்பெட்டியில் 23 சுருட்டுகள் இருக்கின்றன. மாதத்துக்கு ஒன்று பிடித்தால் அதிகம். பிடிப்பதற்காகும் நேரத்தைவிடப் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்ப்பதற்கும், ஈரமானியின் முள் எங்கே நிற்கிறதென்று கவனிப்பதற்கும் ஆகும் நேரம் கூடுதல். இதில் நான் அனுபவிப்பது எதை?

14ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ உலகத்தில் இது ஏறக்குறைய இதே வடிவத்தில் ஒரு பெரிய சண்டையாக நடந்திருக்கிறது. தமக்கு உடைமை என்று எதுவும் கிடையாது, தின்கிற ரொட்டியைக்கூட உபயோகிக்கிறோமே தவிர உடைமை கொள்வதில்லை என்றார்கள் பிரான்சிஸ்கன் துறவிகள். போப் இருபத்திரண்டாம் ஜான் 1322இல் இதை மறுத்தார். உபயோகத்தாலேயே அழிந்துபோகிற பொருளில் உபயோகத்தையும் உடைமையையும் தனித்தனியே பிரிக்க முடியாது என்பது அவர் வாதம். வாடகை வீட்டில் ஒருவன் குடியிருக்க, இன்னொருவன் சொந்தக்காரனாக இருக்கலாம். தின்று முடித்த ரொட்டிக்குச் சொந்தக்காரன் என்று வெளியே யார் நிற்க முடியும்? போப்பின் நோக்கங்கள் அவ்வளவு ஆன்மீகமானவை என்று நான் நம்பவில்லை. இருந்தும் வாதம் தன் காலில் நிற்கிறது.

துறவிகள் கேட்டது உடைமை இல்லாத உபயோகம். சுருட்டைச் சேமிக்கிறவன் அவர்களைத் தலைகீழாகத் திருப்பி வைத்தவன். உபயோகம் இல்லாத உடைமை அவனுக்கு வேண்டியிருக்கிறது. போப்பின் தர்க்கத்தை இவன் மீதும் பிரயோகித்தால் இவன் கையில் எதுவும் மிஞ்சவில்லை. பற்றவைக்காத வரை சுருட்டு இவனுடையதாகவில்லை. பற்றவைத்த பிறகு சுருட்டே இல்லை.

சேமிக்கிறவன் தரப்பில் நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. உலர்த்தி, அம்பாரமாக அடுக்கிப் புகையிலையைப் பாடம் செய்யும்போது நடக்கும் நொதிப்பு, சுருட்டாகச் சுருட்டிய பின்னும் மெல்லத் தொடர்கிறது. இலையிலிருக்கும் அம்மோனியா கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. புதிதில் தொண்டையில் வந்து அறைகிற காரம் இரண்டு மூன்று வருஷத்தில் தணிந்து, அடியில் கிடந்த வேறு ருசிகள் மேலுக்கு வருகின்றன. ஆக, தள்ளிப்போடுவதிலும் ஒரு வேலை நடக்கிறது. காலம் சும்மா இருப்பதில்லை. (பாடம் என்கிற சொல்லைச் சுவடிக்காரர்களும் புகையிலைக்காரர்களும் பகிர்ந்துகொண்டிருப்பதில் எனக்கு அற்ப சந்தோஷம்.) ஆனால் இந்த நியாயத்துக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் வாசனையே போய் வெறும் இலை மிஞ்சும். சுருட்டின் பொருட்டுக் காத்திருப்பது எந்த நாளில் முடிந்து, முடிந்துபோய்விடுமே என்கிற பயத்தின் பொருட்டுக் காத்திருப்பது எந்த நாளில் தொடங்குகிறது என்று ஈரமானி காட்டுவதில்லை.

ஹ்யூமிடார் என்கிற பெட்டியை ஐரோப்பியர் வைத்துக்கொண்டது ஹவானாவின் ஈரக் காற்றை லண்டனின் குளிர்கால அறைக்குள் பிடித்து வைப்பதற்காக. ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம், வெப்பம் 18 முதல் 21 டிகிரி என்பது அவர்கள் கணக்கு. சென்னையில் நமக்கு எதிர்மாறான சங்கடம். ஐப்பசி மழையில் ஈரம் உள்ளே புகாமல் தடுக்க வேண்டும், புகுந்தால் பூசணம். சித்திரையிலும் வைகாசியிலும் வெப்பம் 25 டிகிரிக்கு மேல் ஏறி அங்கேயே நிற்கும்போது இலைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் முட்டைகள் பொரித்துப் புகையிலை வண்டு வெளிவரும். குண்டூசி குத்தியது மாதிரி துளைகள் தெரிந்தால் காரியம் முடிந்தது என்று அர்த்தம். பெட்டி செய்கிற மரத்தை ஸ்பானிஷ் சீடர் என்கிறார்கள். அது ஸ்பெயினைச் சேர்ந்ததும் அல்ல, சீடரும் அல்ல. அமெரிக்க வெப்பப் பிரதேசங்களின் மரம், நம் வேம்பின் குடும்பம். ஈரமானி சரியா என்று பார்க்கச் சமையலறை உப்பே போதும். ஈரம் சொதசொதக்கும் உப்போடு அதை ஒரு மூடிய பாத்திரத்தில் வைத்தால் முள் 75இல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பிழை எவ்வளவென்று தெரிந்துவிடும். இந்தக் காரியங்களில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. கவனம், பொறுமை என்று நாம் மெச்சுகிற குணங்கள் எல்லாம் இதற்கு வேண்டும். யார் பொருட்டு என்பதுதான் சரியாகத் தெரிவதில்லை. வண்டுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. உடைமை இல்லாமல் உபயோகிக்கிற பூரண பிரான்சிஸ்கன் அதுதான்.

சேமிப்பு உபரி உள்ளவனின் பிரச்னை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்துக்குச் செரூட் என்ற சொல்லைக் கொடுத்ததே நம் சுருட்டு. 1887இல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில் கொலைகாரன் பிடித்தது திருச்சிச் சுருட்டு என்பதைச் சாம்பலைக் கொண்டே ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறான். அவ்வளவு பேர் பெற்ற பண்டத்தை இங்கே பெட்டி செய்து பூட்டி வைத்தவர்களை நான் பார்த்ததில்லை. வெற்றிலை பாக்குக் கடையில் ஒன்றோ இரண்டோ வாங்குவார்கள், பாதியில் அணைத்துக் காதில் செருகிக்கொள்வார்கள், மீதியைச் சாயங்காலம் பிடிப்பார்கள். அவர்கள் அறிந்த அதிகபட்சச் சேமிப்பு அந்தக் காதோடு சரி. இன்னொரு கோடியில் கென்னடி. 1962 பிப்ரவரியில் கியூபாவுக்கு எதிரான வர்த்தகத் தடையில் கையெழுத்திடுமுன் ஆயிரம் சுருட்டுக்குச் சொல்லியனுப்பினார் என்றும், 1,200 வந்துசேர்ந்தது தெரிந்தபின் கையெழுத்திட்டார் என்றும் அவருடைய பத்திரிகைச் செயலாளர் பியர் ஸாலிஞ்சர் பிற்பாடு எழுதினார். பிறருக்குக் கிடைக்காது என்பதும் அங்கே ருசியில் சேர்ந்துவிடுகிறது.

1923இல் வெளிவந்த இத்தாலோ ஸ்வேவோவின் நாவலில் ஸீனோ கடைசி சிகரெட்டை ஓயாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறான். சேமிக்கிறவனுக்கு முதல் சுருட்டே வருவதில்லை. இருவரும் ஒரே காரியத்தை இரு முனைகளிலிருந்து செய்வதாகத்தான் படுகிறது. அதே 1923இல் ஃப்ராய்டின் வாயில் புற்று கண்டுபிடிக்கப்பட்டது. முப்பதுக்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளுக்கு இடையிலும் அவர் சுருட்டை விடவில்லை. எதற்கும் காரணம் சொல்லத் தெரிந்த மனிதர். நான் மாதத்துக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்வதைப் புலனடக்கம் என்று சிலாகிக்கிற நண்பர்கள் உண்டு. அது அடக்கமல்ல, ஆசையை நுணுக்கிக்கொண்டது என்பது என் அபிப்பிராயம்.

23இல் இரண்டு மற்றவற்றைப் போல அல்ல. 2016இல் ஒரு சிநேகிதர் கொடுத்தவை. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஹவானா போய் வந்த யாரோ அவருக்குக் கொடுத்தது. "இப்பவே வேண்டாம். அஞ்சு வருஷம் கிடக்கட்டும், அப்புறம் ஆளுக்கு ஒண்ணாப் பிடிக்கலாம்" என்று என்னிடம் தந்தார். பாதுகாக்கிற சாமர்த்தியம் எனக்கு உண்டு என்பது அவர் எண்ணம். 2020இல் இறந்துபோனார். தொண்டையில் புற்று. அதில் சுருட்டுக்கு எவ்வளவு பங்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரியாமல் இல்லை.

அந்த இரண்டும் பக்குவமாகி நாளாகிவிட்டது. இனி வைத்திருப்பதற்கு இலையின் பக்கம் காரணம் எதுவும் இல்லை. அவருடைய பங்கைப் பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரருக்குப் பற்றவைத்துப் படைத்துவிடலாமே என்றார் இன்னொரு நண்பர். நல்ல யோசனைதான். அங்கே சுருட்டுப் படையல் வழக்கம். முனீஸ்வரர் எதையும் அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைப்பதில்லை. ஆனால் செத்தவர் கடைசிவரை நாத்திகர். அவர் பெயரில் முனீஸ்வரருக்குப் புகை போடுவது இருவருக்குமே மரியாதை இல்லை.

போப்பின் வாதம் எனக்கு வேறு மாதிரி அர்த்தமானது இதற்கப்புறம்தான். உபயோகமும் உடைமையும் ஒன்றென்றால், பற்றவைக்காத வரை அவை என்னுடையவையாகவில்லை. பெட்டி என்னுடையது, உள்ளே இருக்கும் அந்த இரண்டும் இன்னும் அவருடையவை. பற்றவைக்கிற அன்றைக்கு, எது யாருடையது என்ற கணக்கே இல்லாமல், இரண்டும் எனக்கு வந்து சேர்ந்துவிடும். மற்ற 21ஐ வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறேன். போன வாரம் வந்தவர் ஒன்றை எடுத்துக்கொண்டு, மேல் தட்டிலிருந்த அந்த இரண்டையும் காட்டி என்ன விசேஷம் என்று கேட்டார். இன்னும் பதம் வரவில்லை என்று சொன்னேன். அவர் போன பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேலிலையில் துளை எதுவும் இல்லை.