மாயப் போரும் ஆள்சார் கணக்கும்

சென்ற மாதம் நம் இல்லத்திற்கு எழுந்தருளிய நண்பரொருவர், நம் கணினித் திரையில் ஓர் ஊர் தீப்பற்றி எரிவதையும், அதைக் கொளுத்துகிறவர் நாமே என்பதையும் கண்டு சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "ஸ்வாமி, காலையில் ஸந்தை சொல்லுகிற தேவரீர் மாலையில் இதைச் செய்யலாமோ?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, மெய்யான வருத்தத்தோடே கேட்டார. அன்று நாம் சொன்ன விடை நமக்கே நிறைவாக இல்லை. அக்குறை தீரவே இதை எழுதத் துணிந்தோம்.

எரிந்தது 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகத்தில் வரும் ஊர். 1999இல் வெளிவந்து 2019இல் புதுப்பிக்கப்பட்ட விளையாட்டு அது. பணி ஓய்வுக்குப் பின், கோடை விடுமுறைக்கு வந்த பெண்வயிற்றுப் பேரனிடம் பயின்றோம். ஆட்டத் தொடக்கத்தில் பெரும்பாலும் நம் கையில் இருப்பது ஒரு நகர மையம், மூன்று குடியானவர்கள், வழி பார்த்து வர ஒரு குதிரைவீரன், அவ்வளவே. உணவு, மரம், பொன், கல் என்னும் நான்கையும் சேர்த்து, நான்கு யுகங்களைக் கடந்து, படை திரட்டிப் பகைவனை வெல்ல வேண்டும். நம்மவர் கண் படாத நிலமெல்லாம் மூட்டத்தால் மறைந்திருக்கும். சதுரங்கத்திலும் யானையும் குதிரையும் உண்டு. ஆனால் அங்கே எதிராளி காய் நகர்த்தும்வரை நாம் சிந்திக்கலாம். இங்கே முறை வைத்து ஆடுவதில்லை. நாம் கண்ணாடியைத் துடைக்கும் நேரத்தில் பகைவன் மதிலை இடித்துவிடுவான். 2022இல் வந்த இணைப்பில் திராவிடர் என்றொரு தரப்பும், உருமி ஏந்திய வீரரும், ராஜேந்திர சோழனின் வரலாற்றைத் தழுவிய ஆட்டமும் சேர்ந்தன. நாம் இதில் அகப்பட்டுக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறைப்பானேன்.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். திரையில் வெட்டுண்டு விழுகிற வீரனுக்கு வலி இல்லை, உயிர் இல்லை, அழுவார் ஒருவரும் இல்லை. ஆகையால் அங்கே ஹிம்ஸை என்னும் செயலே நிகழவில்லை. பாவனையாகச் செய்வது எல்லாம் அச்செயலே ஆகிவிடாது. திருவரங்கத்தில் இராப்பத்தின் எட்டாம் நாள் நடக்கும் வேடுபறியைக் கண்ட நம்மவர் எவரும், அங்கே வழிப்பறி நடந்ததாகச் சொல்லார். இதை அவ்வுத்ஸவத்திற்கும் கணினி விளையாட்டிற்கும் ஒப்புமையாகக் கொள்ளலாகாது. நடித்துக் காட்டிய செயலும் செய்த செயலும் வேறு என்னும் அளவிற்கே சொன்னோம்.

அப்படியானால் விளையாட்டில் குற்றமே இல்லையோ என்னில், அங்கேதான் நாம் இளங்கலை வணிகவியலில் படித்த முதற்பாடம் உதவிக்கு வருகிறது. கணக்குகள் மூவகை: ஆள்சார் கணக்கு, சொத்துக் கணக்கு, பெயரளவுக் கணக்கு. வாடகை, சம்பளம், வட்டி போன்ற பெயரளவுக் கணக்குகள் ஆண்டிறுதியில் இலாப நட்டக் கணக்கிற்கு மாற்றப்பட்டு முடிந்துவிடும்; புத்தாண்டில் அவை வெறுமையாகவே தொடங்கும். ஆள்சார் கணக்கு அப்படியன்று. ஒருவருக்கு நாம் தர வேண்டியது மார்ச் 31 நள்ளிரவில் மறைந்து போவதில்லை. ஏப்ரல் முதல் நாள் ஏட்டின் முதல் வரியில் வந்து நிற்கும்.

விளையாட்டில் கொளுத்திய ஊரும் கொன்ற வீரரும் பெயரளவுக் கணக்கு. ஆட்டம் முடிந்ததும் அவை முடிந்தன. திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் மனிதர் மட்டும் ஆள்சார் கணக்கு. அவரிடம் நாம் நடந்துகொண்டது முடிகிறதில்லை.

இதற்கு ஒரு சான்று அவ்விளையாட்டிலேயே உண்டு. கணினியை எதிர்த்துத் தனியே ஆடும்போது ஒரு வாசகத்தைத் தட்டச்சு செய்தால், வில்லும் வேலும் ஏந்தியவர் நடுவே துப்பாக்கி பூட்டிய மோட்டார் கார் ஒன்று வந்து நிற்கும். பேரன் அதைக் காட்டியபோது நாம் வயிறு குலுங்கச் சிரித்தோம்; அதை ஓட்டி ஒரு ராஜ்யத்தையே துவம்சம் செய்தோம். அதில் வஞ்சிக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை. மறுபுறம் ஒரு மனிதர் அமர்ந்து ஒரு மணி நேரமாக ஊரைக் கட்டியிருக்க, இப்படியொரு கள்ள வழியால் நாம் அவரை வென்றால் அது திருட்டு. இரண்டிடத்தும் திரையில் தெரிவது ஒன்றே. மறுபுறம் ஒருவர் இருக்கிறார் என்பதே வேற்றுமை.

இவ்வளவு தெளிவாக எழுதுகிற நாம், இதை நூலறிவால் அறியவில்லை. குற்றம் செய்தே அறிந்தோம். ஓர் இரவு நால்வருக்கு நால்வராக ஆடினோம். நம் பக்கத்து மற்ற மூவரும் முகமறியாதவர்கள். நாற்பது நிமிடங்களில் நம் ஊர் அழிந்தது. காட்டோரத்தில் ஒரு சந்தைக் கட்டடமும் சில குடியானவர்களும் எஞ்சினர்; பொன் நிறைய இருந்தது. சந்தை இருந்தால் நம் பொருளைக் கூட்டாளிகளுக்கு அனுப்பலாம். அனுப்பும்போது ஒரு பங்கு கட்டணமாகக் கழியும். 'பாங்கிங்' என்னும் ஆய்வை முடித்தவர்க்கு அக்கட்டணமும் இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் இருந்த நாம் அப்படியொரு பாங்கைக் கண்டதில்லை என்பது வேறு செய்தி. கூட்டாளி ஒருவர் பொன் அனுப்பும்படி இருமுறை கேட்டார். நமக்கோ தோற்ற எரிச்சல். "உங்களால்தான் இந்த கதி" என்னும் பொருள்பட, இங்கு எழுதத் தகாத ஒரு சொல்லையும் சேர்த்து அடித்துவிட்டுக் கணினியை அணைத்தோம்.

அருகிருந்த பேரன், "தாத்தா, நீங்க பாட்டுக்கு எழுந்துண்டு போய்ட்டேள்னா மத்த மூணு பேரும் என்ன பண்ணுவா?" என்றான். பதினான்கு வயதுப் பிள்ளை. கடன் வாங்கியவர்கள் தவணை தவறினபோது கூட்டாளியும் பிணையாளியும் படும் பாட்டை எத்தனை முறை கண்டிருப்போம். அப்போதெல்லாம் பிணையாளிக்காக இரங்கிய நாம், அன்றிரவு தவணை தவறியவராக நின்றோம்.

பேரன் ஆடுவது 'கவுண்டர் ஸ்ட்ரைக்' என்னும் சுடும் விளையாட்டு. ஐவருக்கு ஐவர். ஒரு தரப்பு வெடிகுண்டை வைக்கப் பார்க்கும். மறு தரப்பு தடுக்கப் பார்க்கும். குண்டு வைத்துவிட்டால் 40 நொடிகளுக்குள் அதைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். சுடப்பட்டவர் அச்சுற்று முடியும்வரை எஞ்சியிருக்கும் தம் கூட்டாளியின் கண்வழியே பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் கடினம். நால்வர் மாண்டு ஒருவன் எஞ்சிப் போராடித் தோற்கும்போது, மாண்ட நால்வரும் காதொலிக் கருவியில் அவனை ஏசுகிற ஏச்சை நாம் அடுத்த அறையிலிருந்து கேட்டிருக்கிறோம். ஆட்டக்கணினிகளில் சில சென்னையிலேயே இருக்கின்றன. ஏச்சும் சில நாள் தமிழிலேயே வரும். தாயைக் குறித்த சொற்கள். அங்கே பாய்ந்த துப்பாக்கிக் குண்டுகள் யாரையும் தொடவில்லை, இச்சொற்கள் தொட்டன. துப்பாக்கியைக் கண்டு அஞ்சும் பெற்றோர் இச்சொற்களைக் கேட்பதில்லை, காதொலிக் கருவி பிள்ளையின் செவியில் இருப்பதால்.

அவ்விளையாட்டை நடத்துவோரும் இவ்வேற்றுமையை அறிந்தே சட்டம் வைத்திருக்கின்றனர். ஆயிரம் பேரைச் சுட்டவனுக்கு அங்கே தண்டனை இல்லை. போட்டி ஆட்டத்தைப் பாதியில் விட்டுச் சென்றவனுக்குச் சில காலம் ஆட அனுமதி இல்லை. திரும்பத் திரும்பச் செய்தால் அக்காலம் நீளும். சுவருக்கு அப்பால் இருப்பவரைக் காட்டும் கள்ள நிரலை வைத்து ஆடி அகப்பட்டவனுக்கோ நிரந்தரத் தடை.

பாரதத்துச் சூதை இங்கே நினைக்க வேண்டும். அங்கும் உருண்டவை வெறுங்காய்கள்; காய்களால் ஒருவருக்கும் காயமில்லை. வஞ்சனையும், பந்தயமும், அவையோர் வாளாவிருந்ததும் மெய்யாயின. நம் காலத்திலும் தென்கொரியாவில் இது நடந்தது. 'ஸ்டார்கிராஃப்ட்' என்னும் வியூக விளையாட்டில் புகழ்பெற்ற ஆட்டக்காரர் சிலர், சூதாடிகளுக்காக வேண்டுமென்றே தோற்றது 2010இல் வெளிப்பட்டு, வாழ்நாள் முழுதும் தொழில்முறைப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டனர். விண்ணுலகக் கற்பனைப் படைகளின் போர்தான் அது. அதை நம்பிப் பார்த்த ரசிகர்கள் கற்பனையல்லர்.

இவ்வளவு கேட்டபின் நண்பர் மீண்டும் ஐயுறலாம்: "எதிரே ஆள் இல்லாவிட்டாலும், தினமும் வெட்டிப் பழகும் மனம் கெடாதோ?" நியாயமான ஐயம். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாகாணம், வன்முறை மிகுந்த விளையாட்டுகளைச் சிறுவருக்கு விற்பதைத் தடுத்துச் சட்டமியற்றியது. 2011இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏழு நீதிபதிகளுக்கு இருவர் என்ற கணக்கில் அதைச் செல்லாதென்றது. இவ்விளையாட்டுகளே சிறுவரை வன்செயலுக்குத் தூண்டுகின்றன என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்றது பெரும்பான்மை. ஆயினும் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்படாதது நம் நெஞ்சில் இல்லையென்று ஆகாது. ஆகவே நம்மையே சோதித்துப் பார்த்தோம். ஊர்களைக் கொளுத்தியதால் நமக்கு யாரையும் அடிக்கத் தோன்றியதில்லை. எறும்பை மிதிக்க இன்றும் கூசுகிறோம். வந்த கெடுதி வேறிடத்தில் வந்தது. முகம் தெரியாதவரிடம் எதையும் சொல்லலாம் என்னும் துணிவு வந்தது. வங்கியில் எத்தனை கோபத்திலும் 'தாங்கள்' என்றே கடிதம் எழுதிய கை, பெயர் தெரியாத ஒருவருக்கு அச்சொல்லை அடித்தது. நண்பர் தீயைக் கண்டு வருந்தினார். வருந்த வேண்டிய இடம் விசைப்பலகை.

இன்னொரு கேள்வியும் அவர் கேட்டிருக்கலாம்; தாக்ஷிண்யத்தால் கேட்கவில்லை. மாலை நேரம் யாருடையது என்பது அது. அதற்கு நம்மிடம் நல்ல விடை இல்லை. இரண்டாட்டம் என்று வரம்பு வைத்திருக்கிறோம். வரம்பு நின்ற நாட்களும் உண்டு, நில்லாத நாட்களும் உண்டு.

அந்த மூவரில் இருவரை மீண்டும் காணவில்லை. பொன் கேட்டவர் மட்டும் பதினைந்து நாள் கழித்து எதிர்த்தரப்பில் வந்தார். பெயரை நாம் குறித்து வைத்திருந்தோம். ஆட்டம் தொடங்கியதும், "அன்று விட்டுச் சென்றதும் ஏசியதும் அடியேன், பொறுத்தருள வேண்டும்" என்பதை நமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினோம். நெடுநேரம் விடையில்லை. பிறகு 11 என்று மட்டும் வந்தது. கூடவே ஒரு பெருஞ்சிரிப்பொலி. அவ்விளையாட்டில் அந்த எண்ணை அடித்தால் சிரிப்பு ஒலிக்கும் என்று பேரன் விளக்கினான். மன்னித்த சிரிப்போ, வேறெதுவோ என்று கேட்க நேரமில்லை. அவருடைய குதிரைப்படை நம் விறகுவெட்டிகளை வந்து சேர்ந்திருந்தது.