யார் போட்ட குப்பை?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. எங்கள் தாமானுக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்கரையில் முப்பது பேர் கூடியிருந்தோம். அது இயற்கை ஏரி இல்லை. ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய குட்டை. ஈயம் போனது, பள்ளம் நின்றது, மழைத் தண்ணீர் நிரம்பியது. இன்று சுற்றிலும் உள்ள தாமான்களுக்கும் ஒரு கம்போங்குக்கும் அதுதான் பொது ஏரி. காலையில் சீனத் தாத்தாக்கள் கரையில் நடக்கிறார்கள். மாலையில் மலாய்க்காரப் பெரியவர்கள் தூண்டில் போடுகிறார்கள். நம் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

கையுறை, கறுப்புப் பை, ஒரே நிறத்தில் டி-சட்டை. படம் எடுத்து வாட்சாப் குழுவிலும் போட்டாச்சு. வேலை தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பதினேழு வயதுத் தம்பி ஒருவன் நிமிர்ந்து நின்று கேட்டான்.

"அண்ணே, நாம போடாத குப்பைய நாம ஏண்ணே பொறுக்கணும்? போன மாசமும் இதே எடத்துலதான் பொறுக்கினோம். அடுத்த மாசமும் இதே கததான். போடறவன் போட்டுக்கிட்டே இருக்கான். நாம என்ன அவனுக்கு வேலக்காரனா?"

"சேவைடா தம்பி, பலனை எதிர்பார்க்காமச் செய்யணும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். தவறான பதில் இல்லை. ஆனால் எனக்கே அது போதவில்லை. அவன் நன்றியோ பாராட்டோ கேட்கவில்லை. நியாயம் கேட்டான்.

அவன் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, மறுபடியும் சேரப்போகும் குப்பையை எடுப்பதில் என்ன பயன்? மற்றொன்று, அடுத்தவன் தவற்றுக்கு நான் ஏன் குனிய வேண்டும்?

முதல் கேள்விக்கு நம் முன்னோர் தம் வேலையிலேயே பதில் சொல்லியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் உத்திரமேரூர்க் கோயில் சுவரில் 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தது. ஏரியைக் கவனிக்க 'ஏரி வாரியம்' என்றே ஒரு குழு அங்கே இருந்தது. அதன் உறுப்பினர்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்தார்கள். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி அதில் இடம்பெற முடியாது. பிற்காலத்தில் 'குடிமராமத்து' என்று சொன்னார்களே, அதில் ஊர்க் குடும்பங்கள் சேர்ந்து உழைத்துக் கரையைப் பலப்படுத்தினார்கள், வண்டலை வாரினார்கள். வாரிய வண்டல் வயலுக்கு எருவானது.

மழை பெய்தால் வண்டல் மறுபடியும் வரத்தான் செய்யும். அதற்காக வாருவதை விட்டுவிட்டால் ஏரியே தூர்ந்துபோகும். கோயிலில் தினமும் அபிஷேகம் நடக்கிறது. நேற்றுத்தான் செய்தோமே என்று யாராவது நிறுத்துகிறோமா? பராமரிப்பு என்பதே திரும்பத் திரும்பச் செய்வதுதான்.

ஆனால் தம்பி விடமாட்டான். "அண்ணே, வண்டல் மழையில வருது. பிளாஸ்டிக் மனுசன் கையிலேர்ந்து வருது" என்பான். உண்மைதான். அதனால்தான் இரண்டாவது கேள்வி கடினமானது.

அதற்கு நான் யோசித்து வைத்திருந்த பதில் வேறு. ஆனால் அன்று ஏரியே ஒரு பதில் வைத்திருந்தது. கரையோரக் கோரைக்குள் சிக்கியிருந்த ஒரு மூட்டையை இழுத்தேன். மஞ்சள் துணி. பிரித்தால், பிளாஸ்டிக் பூமாலை, பன்னீர் பாட்டில், கற்பூர டப்பா, கண்ணாடி உடைந்த சாமி படம். சுற்றி நின்றவர்கள் பேசவில்லை. எங்களுக்கு உதவ வந்திருந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர், பார்க்காததுபோல் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பிதான் மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, இது நம்மாளுங்க போட்டது."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த மூட்டை என்னுடையது இல்லை. ஆனால் பாட்டி இறந்த பிறகு அவர் வீட்டைக் காலி செய்தபோது, பழைய சாமி படங்களை ஒரு பையில் கட்டி ஆற்றில் விட்டுவிட்டு வந்தவன் நான்தான். "தண்ணியில விட்டா தோஷம் இல்ல" என்று அத்தை சொன்னார். நானும் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். அந்தப் பை எந்தக் கரையில் ஒதுங்கியதோ, யார் குனிந்து எடுத்தாரோ!

அத்தை சொன்ன வழக்கத்தில் குற்றமில்லை. களிமண் உருவம், பூ, இலை எல்லாம் தண்ணீரில் கரைந்து மண்ணோடு சேர்ந்த காலத்து வழக்கம் அது. இன்று சட்டமும் கண்ணாடியும் நைலான் துணியும் கரைவதில்லை. பொருள் மாறிவிட்டது, நாம் பழக்கத்தை மாற்றவில்லை. பூஜையில் கலசத் தண்ணீருக்குள் கங்கை முதல் காவிரி வரை ஏழு நதிகளை அழைக்கிறோம். குழாய்த் தண்ணீர்கூட அந்த நேரத்தில் தீர்த்தமாகிறது. அப்படியானால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டை மட்டும் எப்படிக் குப்பைத்தொட்டி ஆகும்?

ஆகவே தம்பி, உன் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இது. நான் போடாத குப்பை எது என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. நான் போட்டதை முன்பின் தெரியாத ஒருவர் எங்கோ எடுத்திருக்கிறார். அந்தக் கடனை அவரைத் தேடிப்பிடித்துத் தீர்க்க முடியாது. இங்கே, இந்தக் கரையில்தான் தீர்க்க முடியும்.

ஒன்றையும் மறக்கக் கூடாது. கறுப்புப் பையில் அடங்காத குப்பையும் உண்டு. பகாங்கில் உள்ள சினி ஏரியைப் பாருங்கள். நாட்டின் இரண்டாவது பெரிய இயற்கை நன்னீர் ஏரி. ஸ்ரீ குமும் என்ற நாகம் அதில் வாழ்வதாக அங்குள்ளவர்கள் கதை சொல்கிறார்கள். 2009இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ஆனாலும் சுற்றியிருந்த காடு அழிக்கப்பட்டது, சுரங்கம் தோண்டப்பட்டது, தண்ணீர் கெட்டது, பெயர்பெற்ற தாமரை குறைந்தது. கரையில் வாழும் ஜாக்குன் பூர்வகுடிகள்தாம் அதன் சுமையைத் தாங்குகிறார்கள். அங்கே பிளாஸ்டிக் பொறுக்கிவிட்டு "ஏரியைக் காப்பாற்றிவிட்டோம்" என்று படம் போட்டால், அது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. குனிந்து பொறுக்குகிறவன் நிமிர்ந்து கேள்வியும் கேட்க வேண்டும். நகராண்மைக் கழகத்துக்குக் கடிதம் எழுதுவதும் சேவைதான்.

ஆனால் அடுத்தவரைக் கேட்கும் முன் நம் வீட்டுக் கணக்கைச் சரிபார்ப்போம். ஏரி வாரியத்தில் கணக்குக் காட்டாதவருக்கு இடம் இல்லை, நினைவிருக்கிறதா?

நண்பர்களே, அடுத்த கோத்தோங் ரோயோங்குக்குக் கிளம்பும் முன் உங்கள் வீட்டுச் சாமி அறையின் மூலையைப் பாருங்கள். "தண்ணியில விடணும்" என்று கட்டி வைத்த பை ஒன்று அங்கே இருக்கலாம். முதலில் அதைப் பிரியுங்கள். பூவையும் இலையையும் செடிக்குப் போடுங்கள். கண்ணாடியையும் சட்டத்தையும் தனியே பிரித்து மறுசுழற்சிக்குக் கொடுங்கள். படத்தை என்ன செய்வது என்று தெரியாவிட்டால் கோயில் குருக்களிடம் கேளுங்கள். அதன் பிறகு கையுறையோடு ஏரிக்கரைக்கு வாருங்கள்.