அவதானமும் உண்மையும்

நமது கல்லூரிகளில் உயிரியல் கற்கும் மாணவரின் செய்முறைக் குறிப்பேட்டைத் திறந்தால், 'செய்முறை' என்பதற்கும் 'முடிவு' என்பதற்கும் இடையில் ஒரு சிறு தலைப்பு நிற்கும்: அவதானம். ஏனைய தலைப்புகளின் கீழ் எழுதப்படுவனவற்றை ஆசிரியரிடமிருந்தோ நூலிலிருந்தோ பெறலாம், அதில் இழுக்கொன்றுமில்லை. ஆனால் அவதானம் என்ற தலைப்பின் கீழ் வரும் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு சாட்சியம். நான் இதைக் கண்டேன் என்று எழுதுபவன் உலகுக்கு அறிவிக்கிறான். காணாததைக் கண்டதாக அவன் எழுதினால் அதனை என்னவென்று சொல்வது? பொய்யா, வெறும் வழக்கமா, பிழைக்கத் தெரிந்தவனின் சாமர்த்தியமா? பரீட்சைக் காலத்து அற்ப விவகாரம் என்று இதனைத் தள்ளிவிடுவோர் உளர். மருத்துவமும் சுகாதாரமும் கற்கப்போகும் ஒரு தலைமுறையைப் பற்றிய கேள்வியாதலால் அவ்வாறு தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

எல்லோரும் அறிந்த பெனடிக்ற் சோதனையை எடுத்துக்கொள்வோம். குளுக்கோசுக் கரைசலுடன் நீல நிறமான பெனடிக்ற் கரைசலைச் சேர்த்துச் சூடாக்கினால் செங்கட்டிச் சிவப்பு நிற வீழ்படிவு தோன்றும் என்பது பாடம். கல்முனையிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் உயர்தர வகுப்பு மாணவர் இதனை உறக்கத்திலும் ஒப்புவிப்பர். ஆனால் சோதனைக் குழாய் பாடப் புத்தகத்தைப் படித்ததில்லை. வெல்லம் சிறிதளவே இருந்தால் பச்சை தோன்றும். சற்றுக் கூடினால் மஞ்சள். மேலும் கூடினால் செம்மஞ்சள். மிகுந்திருந்தால்தான் செங்கட்டிச் சிவப்பு. ஒரு மாணவியின் குழாயில் பச்சை தோன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவள் திகைக்கிறாள். அடுத்த மேசைக்காரியின் குறிப்பேட்டை எட்டிப் பார்க்கிறாள். பின்னர் தன் கண் கண்ட பச்சையை அழித்துவிட்டு, தான் காணாத சிவப்பை எழுதுகிறாள். ஆசிரியரின் சரி அடையாளம் விழுகிறது. பச்சை என்றே எழுதியிருப்பாளாயின் சிவப்பு மையால் ஒரு கோடு விழுந்திருக்கும்.

இதே சோதனைதான் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், நீரிழிவு நோயாளரின் சிறுநீரில் வெல்லம் எவ்வளவு உள்ளது என்பதை அறிய மருத்துவமனைகளில் பயன்பட்டது. அங்கே பச்சைக்கும் சிவப்புக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு மனிதனுக்குக் கொடுக்கும் மருந்தின் அளவைத் தீர்மானித்தது. குழாயில் கண்ட நிறத்தை எழுதாமல் 'வரவேண்டிய' நிறத்தை எழுதும் கையை நாம் எங்கே பழக்குகிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாணவர் சோம்பேறிகள், பார்த்தெழுதுவோர், ஒப்படையை விலைக்கு வாங்குவோர் என்ற கூக்குரல் எளிதாக எழுகிறது. விலைக்கு வாங்குவது உண்மைதான். 'கொமியூனிகேஷன்' கடையில் சென்ற ஆண்டின் ஒப்படை இவ்வாண்டு புது முகப்பட்டையுடன் அச்சாகி வரும். இப்போது கைபேசியைக் கேட்டாலே ஒரு நிமிடத்தில் கட்டுரை கிடைத்துவிடுகிறது. கடைக்காரரின் பிழைப்பும் போயிற்று! ஆனால் பணமுள்ள வீட்டுப் பிள்ளை வண்ணப் படங்களோடு ஒப்படைத்ததற்கு நிறைந்த புள்ளி. மருதமுனையில் கைத்தறி நெய்பவரின் மகள் கோடிட்ட தாளில் தன் கையால் வரைந்ததற்குக் குறைந்த புள்ளி. இத்தகைய சந்தையில் வாங்குபவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. எந்த ஊரிலிருந்தும் எழுதக்கூடிய ஒப்படை, எந்த ஊரிலிருந்தும் நகலெடுக்கப்படும். கேள்வியே நகலாக இருக்கும்போது விடை மாத்திரம் மூலமாக இருக்க வேண்டும் என்பது என்ன நீதி?

மொழியின் பங்கும் இதில் உண்டு. நமது பிள்ளைகள் உயர்தரம் வரை தமிழில் உயிரியல் கற்கிறார்கள். கலம், குருதி, சதையி என்றெல்லாம் அறிந்தவர்கள் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான, மருத்துவ பீடங்களுக்குள் நுழைந்ததும், கண்டதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய கட்டாயத்திற்கு ஆளாகிறார்கள். கண்டதைச் சொல்ல மொழி இல்லாதவன் பிறர் சொன்னதைப் பெயர்த்தெழுதுகிறான். இது எப்போதும் இவ்வாறுதான் இருந்தது என்றில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1860களில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூலையும் தமிழில் வெளியிட்டார். கல்முனைக்கு அடுத்த காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) விஞ்ஞான ஆசிரியராக விளங்கியவர். தமிழில் கலைச்சொல் ஆக்கும் பணியிலும் உழைத்தவர். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் வாதிக்கவில்லை. அவதானத்தை முதலில் தாய்மொழியில் எழுதி, பின்னர் ஆங்கிலத்தில் தர மாணவனுக்கு இடமளித்தால் எந்தப் பீடமும் இடிந்து விழுந்துவிடாது.

எனினும் நோயின் வேர் மொழியைவிட ஆழத்தில் உள்ளது. அவதானத்திற்கு முன்பே முடிவு தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. இதன் கொடுமையை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நினைவூட்ட நம் அணியின் வரலாற்றிலிருந்தே உதாரணம் காட்டலாம். சோவியத் நாட்டில் லைசென்கோவின் கொள்கைக்கு ஒவ்வாத மரபியல் 1948இல் மேடை போட்டுத் தண்டிக்கப்பட்டது. அதற்கு முன்பே, உலகெங்கும் விதைகளைத் தேடிச் சேர்த்த நிகொலாய் வவிலோவ் 1943இல் சராத்தவ் சிறையில் மாண்டார். கோதுமை வயலில் என்ன விளைந்தது என்பதைவிட என்ன விளைந்திருக்க வேண்டும் என்பது பெரிதாயிற்று. பச்சையை அழித்துச் சிவப்பு என்று எழுதும் மாணவியின் அச்சம் இதன் சின்னஞ்சிறு வடிவமே. முற்போக்கு என்ற பெயர் இருந்தால் பொய்க் குறிப்பேடு மெய்யாகிவிடாது.

நமது தீவின் வரலாறும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1934–35இல் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டு சென்றது. நுளம்பு ஒழிப்பும் குருதிச் சோதனையும் முனைப்பாக நடந்ததன் பயனாக 1963இல் நாடெங்கும் 17 நோயாளர் மட்டுமே காணப்பட்டனர். வெற்றி கிட்டியாயிற்று என்ற எண்ணத்தில் மருந்து தெளிப்பு நின்றது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1968, 1969 ஆகிய ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் காய்ச்சலில் வீழ்ந்தனர். மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளிக்கும் வரை இன்னும் அரை நூற்றாண்டு உழைக்க வேண்டியிருந்தது. பார்ப்பதை நிறுத்தியவுடன் நோய் இல்லாமற் போய்விடுவதில்லை.

மறு ஆண்டிலேயே, 2017இல், டெங்கு 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் பீடித்தது. அதன்பின் டெங்கு பற்றிய ஒப்படைகளுக்குக் குறைவில்லை. அவற்றில் நுளம்பின் வாழ்க்கை வட்டம் வண்ணத்தில் இருக்கும். எங்கோ வரைந்த படம். சாய்ந்தமருதில் ஒரு மாணவன் தன் வளவுக்குள் நாற்பது அடி நடந்தால் சிரட்டையிலும், தண்ணீர்த் தொட்டியிலும், கைவிட்ட டயரிலும் குடம்பிகள் நெளிவதைக் காணக்கூடும். அவற்றைச் சல்லடைத் துணியால் மூடிய போத்தலில் இட்டு, எத்தனை நாளில் நுளம்பாகின்றன என்று எண்ணிப் பார்க்கட்டும். வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவச் சொல்வது ஏன் என்பது அவனுக்கும் அவன் தாய்க்கும் அன்றே விளங்கும். அந்த ஒப்படையை எந்தக் கடையும் விற்க முடியாது.

கிணற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலுக்கும் நெடுஞ்சாலைக்கும் இடையே வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் மணற்கரை இது. ஒரே சிறு வளவில் கிணறும் மலகூடக் குழியும் இருந்தால், மணலினூடே ஒன்றின் நீர் மற்றொன்றை அடைய நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் புகுந்தபோது இலங்கையிலேயே மிகுந்த உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். எஞ்சியவர்கள் உப்பேறிய கிணறுகளை இறைத்தார்கள். ஒருமுறை துப்புரவு செய்வது தேவைதான். ஆனால் இத்தகைய கரையில் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. ஓயாது இறைத்தால் அடியிலுள்ள உவர்நீரே மேலே வரும். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கிணற்றுக்கும் குழிக்கும் உள்ள தூரத்தை அளந்து, மாரியிலும் கோடையிலும் நீர்மட்டத்தைக் குறித்து, சுவையையும் எழுதி வைத்தால், பத்து ஆண்டுகளில் ஒரு கல்லூரியின் அலுமாரியில் இக்கரையோரத்தின் நீர்ச் சரித்திரம் சேர்ந்துவிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அதனைத் தேடி வருவார்.

இதற்கு ஒரு தகுந்த மறுப்பு உண்டு. பிள்ளைகளை வீடு வீடாக அனுப்பினால் அயலவரின் நோய் ஊர்ப் பேச்சாகாதா? ஆகும், ஆதலால் கிணற்றை அளப்பது வேறு, மனிதரை வினவுவது வேறு என்பதை முதலில் கற்பிக்க வேண்டும். பெயர் எழுதக் கூடாது, கேட்டுவிட்டே கேள்வி கேட்க வேண்டும், மறுத்தால் திரும்பிவிட வேண்டும். நோயாளி எவருடைய புள்ளிக்கும் கருவியல்லர். சுகாதாரக் கல்வியின் முதற் பாடமாக இது இருந்தால் நல்லது. நான் கண்ட ஒப்படைகளில் இது கடைசிப் பாடமாகவும் இல்லை.

மற்றொரு மறுப்பு இதனினும் கடினமானது. பரீட்சைத் தாள் கேட்பது செங்கட்டிச் சிவப்பைத்தான். பல்கலைக்கழகத்தில் தொடர் மதிப்பீட்டுப் புள்ளி வகுப்பையே மாற்றிவிடும். இந்நிலையில் 'உண்மையை எழுது' என்று கரைவலை இழுப்பவரின் மகனிடம் சொல்வது, உண்மையின் விலையை ஊரிலேயே மிக ஏழையான வீட்டிலிருந்து வசூலிப்பதாகாதா? ஆகும் என்றே நானும் கருதுகிறேன். எனவே இக்கடமை முதலில் புள்ளியிடும் கைக்கு உரியது. பச்சை என்று எழுதியவளின் தாளில் கோடிடுமுன், கரைசல் எப்போது தயாரிக்கப்பட்டது, எத்தனை துளி சேர்க்கப்பட்டது, எவ்வளவு நேரம் சூடாக்கப்பட்டது என்று ஆசிரியர் கேட்கலாம். அவள் குழாயையும் சிவப்புக் குழாயையும் அருகருகே வைத்து வகுப்பினரிடமே காரணம் கேட்கலாம். அதற்கு 40 நிமிடப் பாடவேளை ஒன்று செலவாகும். பாடத்திட்டம் பின்தங்கிவிடும் என்று அதிபர் கவலைப்பட்டால், நீரிழிவு பற்றிய பாடத்தை அந்தப் பச்சைக் குழாயிலிருந்தே தொடங்கிவிடலாம்.