நண்பனின் நிரை

இரவு பதினொன்றைத் தாண்டியிருக்கும். ஜொகூர், ஸ்கூடாய் வட்டாரத்தில் ஏதோ ஒரு விடுதி அறை. மறுநாள் காலை எட்டு மணிக்குள் ஆய்வுக்கூட அறிக்கையைக் கொடுத்தாக வேண்டும். கைப்பேசி ஒளிர்கிறது: "மச்சான், ரிப்போர்ட் முடிச்சிட்டியா? அனுப்பு டா. சும்மா ஃபார்மட் பாத்துக்கிறேன்."

அந்தச் 'சும்மா'வில்தான் எல்லாம் இருக்கிறது. பார்க்கப்போவது ஃபார்மட்டை மட்டுமல்ல என்று கேட்டவருக்கும் தெரியும், கேட்கப்பட்டவருக்கும் தெரியும்.

பல்கலைக்கழகத்தின் முதலாண்டு என்ன கற்றுத் தருகிறது என்றால், பணத்தை அளந்து செலவழிப்பது, துணி துவைப்பது, தானாக எழுந்து வகுப்புக்குப் போவது என்று நீளமாகச் சொல்வார்கள். இவை பழக்கங்கள். முதல் பருவத்தில் தவறினால் அடுத்த பருவத்தில் சரிசெய்துகொள்ளலாம். அறம் சார்ந்த முதல் பாடம் இந்தக் குறுஞ்செய்தியில்தான் வந்து நிற்கிறது. கேட்பவர் நண்பர், கேட்பது கூடாத ஒன்று. அனுப்புவதா, மறுப்பதா?

விதிப் புத்தகத்தைத் திறந்தால் பதில் உடனே கிடைக்கும். 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின்கீழ் 1999இல் வந்த மாணவர் கட்டொழுங்கு விதிகள், பிறர் எழுதியதைத் தன்னுடையதாகக் காட்டுவதைத் தனியாகவே தடை செய்கின்றன. கட்டொழுங்கு நடவடிக்கை எச்சரிக்கையில் தொடங்கி, படிப்பிலிருந்து நீக்குவது வரை போகலாம். ஆனால் தண்டனைக்குப் பயந்து மறுப்பதில் அறம் எங்கே இருக்கிறது? நகலைக் கண்டுபிடிக்கும் டர்னிடின் மென்பொருளின் கண்ணில் படாமல் வாக்கியங்களை மாற்றி எழுதத் தெரிந்தவருக்கு அந்தப் பயமும் இல்லை. மாட்டிக்கொள்ளாவிட்டால் சரி என்று ஆகிவிடும் கணக்கு அறக்கணக்கு அல்ல.

எதிர்த் தட்டில் இருப்பதும் லேசான எடை அல்ல. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு. ஒரு பெரிய விரிவுரை மண்டபத்தில் தமிழ் முகங்களை எண்ணிவிடலாம். அறிமுக வாரம் முடிவதற்குள் ஒரு வாட்ஸ்அப் குழு உருவாகிவிடும். மூத்த மாணவர்கள் அண்ணனாகவும் அக்காவாகவும் ஆகிவிடுவார்கள். எந்த விரிவுரையாளர் எப்படி, எந்தக் கடையில் சோறு மலிவு, பழைய வினாத்தாள் எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அந்தக் குழுவில் ஓடும். வீட்டில் முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்கு வந்த பிள்ளைக்கு அதுதான் வரைபடம். அந்தக் குழுவில் ஒருவருக்கு "இல்லை" என்று சொல்வது குழுவையே மறுப்பதுபோல் தோன்றும்.

பணமும் இதில் சேர்ந்துகொள்கிறது. 1997இல் தொடங்கிய பி.டி.பி.டி.என் எனும் தேசிய உயர்கல்வி நிதியின் கடனில்தான் பலர் படிக்கிறார்கள். சராசரிப் புள்ளி 2.00க்குக் கீழே போனால் கடன் தொடர்வதே சிக்கலாகும். மறுமுனையில், முதல் வகுப்புச் சிறப்புத் தேர்ச்சி பெற்றவர் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கோரலாம். ஆக, ஓர் அறிக்கையின் மதிப்பெண் வெறும் எண்ணாக இருப்பதில்லை. ஒரு வீட்டின் கடன் கணக்கும் அதில் இருக்கிறது. "ஒரு ஃபைல்தானே, அனுப்பினா உனக்கு என்ன குறைஞ்சிடும்?" என்ற கேள்விக்கு அதனால்தான் அவ்வளவு பலம்.

இந்தக் கேள்விக்கு இன்னும் பழைய வேர் ஒன்று உண்டு. ஸ்கூடாய்க்குப் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகள் பலரின் தாத்தா பாட்டிமார் ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய், உலு திராம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள். விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பு. கிராணி எனும் கணக்கர், செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுவார். காய்ச்சலோடு வந்து நிற்கும் பெண்ணின் நிரையில், அதாவது அவளுக்கு ஒதுக்கிய மர வரிசையில், பக்கத்து நிரைக்காரி தன் உளியோடு புகுந்து பத்து மரம் சேர்த்து வெட்டிவிடுவாள். மங்குக் கிண்ணங்களில் பால் நிறையும், வாளி நிறுவைக்குப் போகும், அன்றைய கூலி தப்பும். தோட்டத் துரையின் கணக்கில் அது பொய்யாக இருக்கலாம். தொழிலாளர் வாழும் லயத்தின் கணக்கில் அதுவே அறம். நோயில் விழுந்தவரை நாள்கூலியில்லாமல் அனுப்பும் ஏற்பாடு நியாயமற்றது என்பதால், அதை ஏமாற்றுவது ஒருவரை ஒருவர் தாங்கும் வழியாக இருந்தது.

"நம்ம ஆளை விட்டுக்கொடுக்கக் கூடாது" என்ற உணர்வு அங்கிருந்து வந்தது. அதை இழிவாகப் பேச யாருக்கும் உரிமையில்லை. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் கைமாறி, குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்தபோது கூடவே எடுத்துவந்த சொத்துகளில் அதுவும் ஒன்று. ஆனால் நிரையில் அறமாக இருந்தது அறிக்கையிலும் அறமாக இருக்குமா?

இருக்காது. மரத்தை யார் வெட்டினாலும் பால் வரும். வாளியில் இருக்கும் பாலுக்கு அதை வெட்டிய கையின் அடையாளம் கிடையாது. படிப்பில் அப்படி இல்லை. உழைப்பவருக்குள்ளேதான் விளைச்சலும் நடக்கிறது. நண்பனுக்காக நண்பன் படித்தால் படித்தவனுக்கே விளையும், மற்றவன் மங்கு காலியாகவே இருக்கும். அன்று ஏமாந்தது துரையின் செக்ரோல். இன்று ஏமாறுவது உதவி பெற்ற நண்பனேதான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பக்கத்து நிரைக்காரி கொடுத்தது தன் வியர்வையை. தன் நிரை தாமதமாகும் என்று தெரிந்தே கொடுத்தாள். கோப்பை அனுப்புகிறவர் கொடுப்பது, முடிந்துபோன உழைப்பின் நகலை. விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். பல நேரங்களில் அந்தத் தட்டுக்குப் பின்னால் அன்புகூட இருப்பதில்லை. "பெரிய ஆளு மாதிரி சீன் போடுறான்" என்ற பேச்சு வந்துவிடுமோ என்ற அச்சம்தான் இருக்கும். அச்சத்தில் கொடுப்பதைக் கொடை என்று சொல்ல முடியாது.

கட்டுமானப் பொருள் ஆய்வுக்கூடத்தில் செய்யும் எளிய சோதனை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கான்கிரீட் கலவையின் தளர்ச்சியை அளக்க 300 மில்லிமீட்டர் உயரமுள்ள இரும்புக் கூம்பு ஒன்று இருக்கும். கலவையை மூன்று அடுக்காகப் போட வேண்டும். ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்த வேண்டும். பிறகு கூம்பை நேராக, நிதானமாக மேலே தூக்க வேண்டும். கலவை எவ்வளவு அமர்கிறதோ அதுதான் அளவு. நீர் கூடிப்போனால் குவியல் சரிந்து பரவும். கூம்பைக் கோணலாகத் தூக்கினால் ஒரு பக்கம் பெயர்ந்து விழும். இதைக் கண்ணால் பார்த்தவருக்கு அளவு என்பது ஓர் அனுபவம். நகலெடுத்தவருக்கு அது அட்டவணையில் ஓர் எண். அவரது அறிக்கையில் அளவு சரியாக இருக்கும். ஆனால் நண்பன் செய்த எழுத்துப்பிழையும் அதே வரியில், அதே இடத்தில் இருக்கும்.

அந்த எண்ணின் அடியில் மாணவர் தன் பெயரை எழுதுகிறார். பெயரெழுதினால் 'நான் பார்த்தேன்' என்று பொருள். மலேசியாவில் 1967ஆம் ஆண்டுப் பொறியாளர் பதிவுச் சட்டம் முழுவதுமே அந்த ஒரு சொல்லின்மேல்தான் நிற்கிறது: வரைபடத்தில் கையெழுத்திடத் தகுதி பெற்றவர் பார்த்துவிட்டுத்தான் இடுவார் என்ற நம்பிக்கை. 1993 டிசம்பர் 11 அன்று சிலாங்கூர், உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் 12 மாடிக் கட்டடம் ஒன்று நிலச்சரிவில் சாய்ந்து 48 பேர் மாண்டனர். அது தொடர்பான வழக்கில் 2000ஆம் ஆண்டு வந்த உயர்நீதிமன்றத் தீர்ப்பு, வடிகால் வேலையில் பத்தில் ஒரு பங்கே முடிந்திருந்தபோது அது நிறைவேறியதாக அதிகாரிகளுக்கு உறுதி போயிருந்ததைச் சுட்டிக்காட்டியது. அறிக்கையைப் பார்த்து எழுதிய ஒவ்வொருவரும் நாளைக்குக் கட்டடத்தைச் சாய்ப்பார் என்று மிரட்டுவது நேர்மையல்ல. பெரும்பாலோர் சாய்க்க மாட்டார்கள். ஆனால் பாராததைப் பார்த்ததாகப் பெயர்போடும் கை, ஒருநாள் திடீரென்று பழகுவதில்லை. அதன் முதல் பயிற்சிக்குக் கிடைக்கும் இடங்களில் முதலாண்டு விடுதி அறையும் ஒன்று.

இதுவரை சொன்னதை வைத்து, "மறுத்துவிடு, அதுதான் சரி" என்று முடித்தால் கட்டுரை எளிதாக முடியும். அறம் அப்படி முடிவதில்லை. கேட்கும் நண்பர் யார் என்று பார்க்க வேண்டும். மாலையெல்லாம் உணவகத்தில் தட்டுக் கழுவிவிட்டு அறைக்குத் திரும்பியவராக இருக்கலாம். பள்ளியில் மலாயில் படித்த கணிதத்தை இங்கே ஆங்கிலத்தில் கேட்டுத் திணறுபவராக இருக்கலாம். அவருடைய அப்பா, ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலைக்குப் போக, தாத்தா பெரட்டுக்கு எழுந்த அதே இருட்டில் இன்றும் மோட்டார் சைக்கிளை மிதித்துக் கிளப்புபவராக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு "அது தப்பு மச்சான்" என்று மட்டும் பதில் போட்டுவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்பவர் நேர்மையாளரா? அவர் கை கழுவியவர். கை கழுவுவதில் சுத்தம் உண்டு, அறம் இல்லை.

பொறுப்பு இரண்டு மாணவர்களோடு முடிவதுமில்லை. தாமதமாகக் கொடுக்க அனுமதி கேட்கலாம் என்றே பல முதலாண்டு மாணவர்களுக்குத் தெரியாது. கல்வி ஆலோசகர் என்று ஒருவர் பெயர் பட்டியலில் இருக்கும். கதவைத் தட்டக் கூச்சம். கேட்காதவர் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. கேட்கத் தெரியாமல்தான் வருவார்கள் என்று எதிர்பார்ப்பதும் கல்விக்கூடத்தின் கடமைதான். மூத்த மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. நூலகத்தில் எவரும் எடுத்துப் பார்க்கக்கூடிய பழைய வினாத்தாளைக் கொடுப்பது உதவி. போன ஆண்டு அறிக்கைகள் நிறைந்த கோப்புறையின் இணைப்பைக் கொடுப்பது, தம்பி தங்கைகளைத் தன் நிழலிலேயே நிற்கவைப்பது. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள கோட்டை அண்ணனும் அக்காவும் காட்டித் தராவிட்டால் வேறு யார் காட்டுவார்?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு நண்பனிடம் கேட்க வேண்டிய அவசியமே குறைந்துவிட்டது என்று சிலர் சொல்லக்கூடும். குறைந்தது கூச்சம். தேவை அப்படியே இருக்கிறது. கேட்டால் எழுதித் தரும் கருவி, கேட்டவர் இன்று சாப்பிட்டாரா என்று கவனிக்காது. நண்பனிடம் கேட்டதிலாவது ஓர் உறவு இருந்தது. அந்த உறவுக்குத் தகுந்த பதிலைத்தான் தேட வேண்டும்.

அந்தப் பதிலைத் தோட்டத்திலிருந்தே எடுக்கலாம். பக்கத்து நிரைக்காரி தோழிக்குப் பால் நிறைந்த வாளியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. அவள் நிரைக்குள் இறங்கினாள். தன் நேரத்தில் கொஞ்சத்தை இழந்தாள். பேரப்பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த இறங்குதலை. செக்ரோலை ஏமாற்றியது அந்தக் காலத்தின் கட்டாயம். இறங்கி நின்றது எந்தக் காலத்துக்கும் பொருந்தும். கோப்பை மறுக்கலாம், நேரத்தை மறுக்கக் கூடாது. கொடுப்பதில் தனக்கு ஏதாவது குறைகிறதா என்று கொடுப்பவர் தன்னைக் கேட்டுக்கொண்டால் போதும். தூக்கத்தில் ஒரு மணி நேரம் குறைந்தால் அது பெரும்பாலும் உதவி. எதுவுமே குறையவில்லை என்றால், மறுபடி ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இப்போது அந்தக் குறுஞ்செய்திக்குத் திரும்பலாம். மணி பதினொன்றரை ஆகிவிட்டது. கோப்பை அனுப்புவது ஒரு நொடி வேலை, மறுப்பது இரண்டு நொடி வேலை. மூன்றாவது பதில் ஒன்று இருக்கிறது, அதற்கு நள்ளிரவு தாண்டும்: "எந்த டேபிள்ல நிக்குற? லேப்டாப்பைத் திறந்து வை, வர்றேன்."