கட்டுவது பெரிதா, காப்பது பெரிதா?



பள்ளிவாசலைக் கட்டுவது பெரிதா, கட்டியதைக் காப்பது பெரிதா? தயங்காமல், கட்டுவதே பெரிது என்போம். நம் வசூல் பெட்டியும் அப்படித்தான் சொல்கிறது. புதிய மினாராவுக்கு என்றால் நோட்டு விழுகிறது. ஒழுகும் கூரைக்கு என்றால் சில்லறை விழுகிறது.

ஜொகூர் பாருவில் தெப்ராவ் நீரிணையைப் பார்த்தபடி மேட்டின் மேல் நிற்கிறது சுல்தான் அபூபக்கர் பள்ளிவாசல். ஹாஜி முஹம்மது ஆரிப் பின் புனாக் அவர்கள் அதன் அமைப்பை வகுத்தார்கள். ஆங்கில நாட்டு மணிக்கூண்டுகளைப் போன்ற மினாராக்களுடன், ஏறத்தாழ 2,000 பேர் தொழும்படி அமைந்தது. 1892ல் வேலை தொடங்கிற்று. தொடங்கிவைத்த சுல்தான் அபூபக்கர் 1895ல் லண்டனில் வபாத்தானார்கள். மகனார் சுல்தான் இப்ராஹீம் காலத்தில், 1900ல்தான் வேலை நிறைவேறிற்று. பள்ளி முழுமையாக எழுந்ததைத் தொடங்கியவர் கண்ணால் காணவில்லை!

அதன்பின் 120 ஆண்டுகளுக்கும் மேலாக அதை நிறுத்திவைத்தவர்கள் யார்? கடற்காற்றின் உப்பு சுவரை அரிக்கும். மழைநீர் மரத்தை உளுக்கச் செய்யும். வெள்ளையடித்தவர், விரிசலைப் பூசியவர், நீர் போகும் வழியில் சருகு அள்ளியவர் ஆகியோரின் பெயர்களை நாம் அறியோம்.

"கட்டியவர் இல்லாவிட்டால் காப்பதற்கு என்ன இருக்கும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆயினும், காப்பவர் இல்லாவிட்டால் கட்டியவரின் தர்மம் எத்தனை நாள் நிற்கும்? நிலைத்து நிற்பதால் அல்லவா அது சதக்கத்துல் ஜாரியா! திருக்குர்ஆன் தவ்பா சூராவில் பள்ளிவாசல்களைப் பற்றிச் சொல்லும் 'இமாரத்' என்ற சொல்லில் கட்டுவதும் அடங்கும், பராமரிப்பதும் அடங்கும். அல்லாஹ் ஒரே சொல்லில் வைத்ததை நாம் ஏன் இரண்டாகப் பிரித்து, ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துகிறோம்?

மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிப் பெருக்கிவந்த பெண்மணி இறந்தபோது, சிறிய செய்தியென்று எண்ணித் தோழர்கள் நபிகள் நாயகத்திடம் (ஸல்) சொல்லவில்லை. நாயகம் அவர்கள் விசாரித்து அறிந்து, கப்ருக்கே சென்று தொழவைத்தார்கள்.

நாம் வியாபாரிகள். கடை திறக்கும் நாளில் ஊரே வரும். ஆனால் கடை நிலைப்பது தினமும் பூட்டைத் திறந்து, பெருக்கி, கணக்கெழுதுவதால்தான். அந்தப் புத்தியைப் பள்ளிவாசல் விஷயத்திலும் செலுத்துவோம். முன்னோர் விட்டுச்சென்ற பள்ளி நம் கையில் அமானத். அடுத்த வசூலில் கூரைக்குக் கேட்டாலும் நோட்டையே எடுப்போம். அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.