மனச்சான்றும் வாக்குச்சீட்டும்

2004ஆம் ஆண்டு நவம்பர் 2ஆந் திகதி நடைபெற்ற ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில், எப்பக்கமும் சாயக்கூடியதெனக் கருதப்பட்ட ஒஹையோ மாநிலத்தின் 20 தேர்வாளர் வாக்குகளே ஜோர்ஜ் புஷ்ஷின் வெற்றியை உறுதிசெய்தன. அங்கு அவர் ஜோன் கெரியை முந்தியது ஏறத்தாழ 118,000 வாக்குகளால் மாத்திரமே. அன்றைய வாக்குச்சீட்டில் இன்னொரு வினாவும் இடம்பெற்றிருந்தது. ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலான இணைப்பு மட்டுமே திருமணமாகும் என மாநில அரசியலமைப்பிற் பொறிக்கலாமா என்பதே அது. ஏறத்தாழ 62 சதவீதத்தினர் ஆம் என்றனர். விவிலியமே இறுதி அதிகாரம் என்றும், ஒவ்வொருவரும் தனிப்பட மனந்திரும்புதல் வேண்டும் என்றும் கொள்ளும் சுவிசேடக் கிறித்தவர்கள் இத்திருத்தத்துக்காக முனைந்து உழைத்தனர். அவ்வுழைப்பே புஷ்ஷையும் வெல்லவைத்தது என்பார் உளர். அறிஞரிடையே இது பற்றி உடன்பாடில்லை. அக்கணக்கை ஒதுக்கிவிடினும் ஒரு வினா எஞ்சுகின்றது. சமய நம்பிக்கையின்வழி வாக்களித்தல் பிழையா?

பிழையென்று விரைந்து கூறுவோர் அதே ஒஹையோவின் பழைய வரலாற்றை நோக்குதல் நன்று. சுவிசேடப் பிரசங்கியாரான சார்ல்ஸ் ஃபினி பிற்காலத்தில் தலைவராக விளங்கிய ஓபர்லின் கல்லூரி, 1835ஆம் ஆண்டிலேயே கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொள்ளத் தீர்மானித்தது. அடிமை ஒழிப்பியக்கத்தின் பாசறையாகவும் அமைந்தது. 1858இல், தப்பிவந்த அடிமையொருவர் பிடிபட்டபோது, ஓபர்லின் மக்கள் திரண்டு சென்று, சட்டத்தை மீறி, அவரை மீட்டனர். அதன்பொருட்டுப் பலர் சிறையிருந்தனர். அவர்களுட் பலரைத் தூண்டியது சமய நம்பிக்கையே. சமயம் அரசியலுக்குப் புறத்தே நிற்கட்டும் என்னும் எளிய விடை, அடிமைமுறையின் காவலரும் அன்று விரும்பிய விடைதான்.

ஆயின் இரு நிகழ்ச்சிகளும் ஒன்றாகிவிடுமா? 1858இல் மனச்சான்றின் சுமையைத் தாங்கியவர்கள் அம்மனச்சான்றுக்கு உரியவர்களே. 2004இல் வாக்களித்தோர் இழந்தது எதுவுமில்லை. சுமை முழுவதும் பிறர் தலையில் ஏறியது. திருமணம் சமுதாயம் முழுமைக்கும் பொதுவான நிறுவனம், அதன் பொருள் மாறின் யாவரும் பாதிக்கப்படுவர் என்பது அவர்தம் வாதம். இதனை வெறும் வெறுப்பு என ஒதுக்குதல் நேர்மையாகாது. எனினும் விவாகரத்தை இயேசு கண்டித்தமை சுவிசேடங்களிலேயே காணப்படுகின்றது. திருமணம் என்னும் பொது நிறுவனத்தைக் காப்பதே நோக்கமாயின் அதுவன்றோ முதலில் எழவேண்டிய வினா? அன்றைய வாக்குச்சீட்டில் விவாகரத்துப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தாம் செய்ய நேராத பாவத்தைத் தடைசெய்தல் எவர்க்கும் எளிது.

அச்சுமை எத்தகையது என்பதை ஒரு வழக்கே காட்டும். சின்சினாட்டியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஒபகஃபெல் என்பவரின் துணைவர் நரம்பு நோயாற் படுக்கையிலிருந்தார். சொந்த மாநிலத்தில் மணம்புரிய வழியின்மையால், 2013 ஜூலையில் இருவரும் மருத்துவ விமானமொன்றில் மேரிலாந்து சென்று, விமானத்தை விட்டு இறங்காமலே மணஞ்செய்து திரும்பினர். துணைவர் இறப்பின் மரணப் பத்திரத்தில் அவரை மணமாகாதவர் என்றே ஒஹையோ பதியும் என அறிந்ததும் ஒபகஃபெல் வழக்குத் தொடுத்தார். மூன்று மாதத்தில் துணைவர் இறந்தார். வழக்கு மேலே சென்றது. 2015 ஜூன் 26இல் ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால், அத்தடையைச் செல்லுபடியற்றதாக்கியது.