ரேகைக்குச் சாதி கிடையாது

பிரான்சிஸ் கால்டன் 1892இல் கைரேகை பற்றி ஒரு புத்தகம் போட்டார். மனிதரைப் பிறப்பால் தரம் பிரித்த இனமேம்பாட்டியலின் தகப்பனார் அவர். ரேகையிலும் இன முத்திரை அகப்படும் என்று நம்பி, ஆங்கிலேயர், வேல்சுக்காரர், யூதர், கறுப்பினத்தவர் என்று விரல் விரலாகப் பார்த்தார். அகப்படவில்லை. அகப்படவில்லை என்று எழுதியும் வைத்தார். அந்த ஒரு நேர்மையை மெச்சலாம்.

ஆசியரிடம் சுழல் ரேகை சற்றுக் கூடுதல் என்று பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன. அது கூட்டத்தின் சராசரிக் கணக்கு. ஒரு விரலை நீட்டி, "இது இன்ன சாதிக்காரன் விரல்" என்று சொல்லும் நிபுணர் உலகத்திலேயே இல்லை. ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்கே ரேகை ஒன்றாக அமைவதில்லை. ஒரு சாதிக்கு எங்கே அமையும்?

ஆனால் ஆங்கிலேய அரசாங்கம் சாதியைப் பார்த்தும் ரேகை எடுத்தது. 1871இல் வடக்கே வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்தையும் பிடித்தது. குறவர், கள்ளர் என்று ஊர் ஊராகப் பெயரைப் பதிந்து ரேகை உருட்டினார்கள். திருடிய பிறகு அல்ல, பிறந்த குற்றத்துக்கு. 1947இல் இங்கே அந்தச் சட்டம் ஒழிந்தது.

புத்தி ஒழிந்ததா? விழுப்புரம், திண்டிவனம் பக்கம் துப்புத் துலங்காத திருட்டு என்றால் ஜீப் இருளர் குடியிருப்புக்குத்தான் போகிறது என்பது பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பல்லாண்டாகச் சொல்லிவரும் புகார். 2011 நவம்பரில் திருக்கோவிலூரில் திருட்டு விசாரணை என்று இருளர்களை அள்ளிப் போனார்கள். நான்கு பெண்கள் காவலர்கள்மேல் பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தார்கள்.

செங்கல் சூளையில் சேறு மிதித்துக் கல் அறுக்கும் இருளரின் விரலைப் பாருங்கள். நுனி வழவழவென்று தேய்ந்திருக்கும். ரேஷன் கடையில் அவர் கட்டைவிரலைத் தலைமுடியில் தேய்த்துத் தேய்த்து வைக்கிறார். "விழலம்மா, வேற விரல வை." அரிசிக்கு விழாத ரேகை வழக்குக்கு மட்டும் எப்படி ஐயா விழுகிறது?

2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டப்படி, எடுத்த ரேகையை 75 ஆண்டு வைத்திருக்கலாம். முன் தண்டனை இல்லாதவர் விடுதலையாகி, மேல்முறையீடும் முடிந்துவிட்டால், நீதிமன்றம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அதை அழித்தாக வேண்டும். இருளர் வழக்கை எடுத்து நடத்தும் வக்கீல்களே, விடுதலைத் தீர்ப்போடு நின்றுவிடாதீர்கள். அந்த ரேகையை அழிக்கச் சொல்லி மனுப் போடுங்கள்.